24 அங்குல வாசல்

என் தோழி வீட்டுக் குளியலறை வாசல் 24 அங்குலம். அவளுடைய சக்கர நாற்காலி 25½ அங்குலம். இந்த ஒன்றரை அங்குலத்தால் அவள் இரண்டு வருஷத்துக்கு மேல் தனியாகக் குளிக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் சுங்கை சிப்புட்காரிகள், மலேசியாவில் பேராக் மாநிலம். லிந்தாங் சாலையில் உள்ளே போனால் வரும் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷமும் ஒரே மேசை. இரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்ட பிறகு லயங்களில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு குடும்பமாக டவுன் பக்கம் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். இப்போது அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு சாலைதான். நான் ஒரு பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். அவள் தையல்காரி. இந்த வட்டாரத்தில் கல்யாணம் என்றால் பாதி ரவிக்கை அவள் கையால்தான் வரும். பெயர் போடாதே என்று சொல்லியிருக்கிறாள், போடவில்லை.

2021 நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மழை. செம்பனை லோரிகள் இறைத்த சேறு சாலை முழுக்கக் கிடந்தது. மோட்டார் வழுக்கியது. தம்பிக்கு முழங்கையில் சிராய்ப்பு. இவளுக்கு முதுகெலும்பில், மார்புப் பகுதியின் பன்னிரண்டாவது எலும்பு நொறுங்கிவிட்டது. கை இரண்டும் பழையபடி இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.

அவளுக்குச் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, கிடையாது. வீட்டில் உட்கார்ந்து தைப்பவள், சந்தா கட்டியதில்லை. வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தும் இல்லை. அதனால் அந்தப் பக்கம் எதுவும் கிடைக்கவில்லை. இதைப் படிக்கிற பெண்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரிலிருந்து இல்லத்தரசிகளுக்கென்று சொக்சோவில் தனித் திட்டம் இருக்கிறது. 55 வயதுக்குள் இருக்க வேண்டும், வருஷத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). மாதக் கணக்கில் பார்த்தால் பத்து வெள்ளி. தயவுசெய்து கட்டுங்கள். வீட்டுக்காரர் கட்டவில்லை என்றால் நீங்களே கட்டுங்கள். என் தோழிக்கு அது ஒரு வருஷம் பிந்தி வந்தது.

அவள் குளித்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது.

வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், ஜோகூர் வரை போவார். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. பெரியம்மாதான், அதாவது அவளுடைய அம்மா, 68 வயதில் மகளைக் குளிப்பாட்டினார். குளியலறைக்குள் நாற்காலி நுழையாது. அவளைத் தூக்கிக்கொண்டு போகவும் பெரியம்மாவால் முடியாது. அதனால் அடுப்படிக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், கைப்பிடி இல்லாத சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, சுற்றிலும் பழைய புடவையைக் கட்டி, அங்கே குளிப்பு. பின்சந்தில் ஆள் நடமாடும். எனவே நாலரை மணிக்கே, இருட்டோடு. தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்துக்கு எழுந்து பழகியவர் பெரியம்மா, எழுவது அவருக்குச் சிரமமில்லை. தூக்குவதுதான் சிரமம். இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்கு மாற்ற, மகளின் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி இரண்டு முனையையும் பிடித்து இழுப்பார். முப்பது வருஷம் குனிந்து பால் வெட்டிய முதுகு. ஒரு நாள் நான் சீக்கிரம் போயிருந்தேன். பெரியம்மா நாலு சொம்பு ஊற்றிவிட்டு, மூச்சு வாங்கச் சுவரில் கை வைத்து நின்றார். தோழி ஈர முடியோடு, கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் மூச்சு சீராகும் வரை காத்திருந்தாள். குளிரில் அவள் கை நடுங்கியது. ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்தக் குளியலறையை உடைத்தே ஆக வேண்டும்.

இப்போதைய நம் சட்டத்தில் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008 இருக்கிறது. பொதுக் கட்டடம் என்றால் சரிவுப் பாதை வேண்டும், கழிவறை வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் வரிசை வீட்டில் இருக்கிற ஒருத்தி தன் வீட்டுக்குள் குளிக்க முடியவில்லை என்றால் அதைச் சரி செய்வது யார் பொறுப்பு என்று எங்கே கேட்டாலும் பதில் வரவில்லை. ஓர் அலுவலகத்தில் பாரம் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து அதே பாரத்தை மறுபடி நிரப்பச் சொன்னார்கள். அப்புறம் நானே பணம் திரட்டலாம் என்று கிளம்பினேன்.

மருத்துவமனையிலிருந்து செயல்முறைச் சிகிச்சை நிபுணர் ஒருவர், சின்ன வயசுப் பெண், வீட்டைப் பார்க்க வந்தார். அவர் வந்ததுதான் எங்களுக்குக் கண் திறந்தது. அதற்கு முன் பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசோடு நாலடிப் பலகை ஒன்றை வாசல் படியில் சாய்த்து வைத்திருந்தார். அதில் ஏற்றும்போது நாற்காலி பின்னால் மல்லாந்து, நான் முதுகைக் கொடுத்துத் தாங்கினேன். அந்தப் பெண் பலகையைப் பார்த்ததும் முதல் வேலையாக அதை எடுத்து ஓரத்தில் வைத்தார். மலேசியத் தரநிலை எம்எஸ் 1184 என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கு வருகிறது என்றார். அங்குலத்தில் சொன்னால் எனக்கே புரிந்தது. ஓர் அங்குலம் உயரத்துக்கு ஓர் அடி நீளம். எங்கள் படி 13 அங்குலம். அப்படியானால் 13 அடி சரிவு. நாலடிப் பலகை என்பது சுவரில் ஏறுகிற மாதிரி.

கதவுக்கு 34 அங்குலம். குளியலறைக்குள் நாற்காலி முழுசாகத் திரும்ப வேண்டுமென்றால் ஐந்தடிக்கு ஐந்தடி இடம். நம் பக்கத்து மலிவு விலை வீடுகளில் குளியலறை ஒன்று, கழிவறை ஒன்று என்று தனித்தனியாக, இரண்டு தீப்பெட்டி ஒட்டி வைத்தது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்தால் ஐந்துக்கு ஆறரை கிடைக்கும் என்று அவர் சொன்னபோது தோழி தன் கழுத்தில் கிடந்த தையல் நாடாவை எடுத்துத் தானே அளந்தாள். தரை, சுவர், கதவு எல்லாம். ரவிக்கை ஆர்டர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். 38 மார்பு, 14½ தோள் என்று எழுதும் அதே கையெழுத்தில் கதவு 24, நாற்காலி 25½.

முதல் குத்தகைக்காரர் 23,000 வெள்ளி சொன்னார். எனக்குத் தலை சுற்றியது.

பணம் திரட்டுவது என்று வாயைத் திறந்ததுமே எல்லாரும் சொன்ன முதல் வார்த்தை, படம். தெரிந்த ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அவள் படுக்கையில் இருக்கிற மாதிரி, கால் தெரிகிற மாதிரி, பையன் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் மூன்றே நாளில் பணம் வந்துவிடும் என்றார். வரும் என்று எனக்கும் தெரியும். தினம் அப்படிப்பட்ட படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, நானும் பத்து இருபது அனுப்பியிருக்கிறேன். இவளிடம் போய்ச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தவில்லை. அவளுடைய மிஷினில் இப்போது கால் மிதி இல்லை, விசையை முழங்கையால் அழுத்துகிற மாதிரி மேசையில் பொருத்தியிருக்கிறார்கள்.

"என் பையன் நாளைக்குப் பள்ளிக்கூடம் போவணும்லா," என்றாள். "அவன் கூட்டாளிங்க கைப்பேசியில அவன் அம்மா கால் இருக்கணுமா?"

நான் பேசவில்லை.

"அளவு குடுக்க வர்ற பொண்ணுங்க என்னைப் பார்த்து, அக்கா கழுத்து கொஞ்சம் இறக்கி வைங்கன்னு கேக்கணும்டி. ஐயோ பாவம்னு பார்த்தா எப்படிக் கேப்பாங்க?"

சரி என்றேன். அப்போது அவளே சொன்னாள், வேண்டுமானால் கதவைப் படம் எடு என்று.

இரண்டு படம் எடுத்தோம். ஒன்றில் குளியலறை வாசலின் குறுக்கே மஞ்சள் தையல் நாடா, 24இல் அவளுடைய கட்டைவிரல் நகம். இன்னொன்றில் காலி சக்கர நாற்காலியின் குறுக்கே அதே நாடா, 25½. கீழே நான் எழுதியது மூன்று வரிதான். இது நம்மோடு படித்த ஒருத்தியின் வீடு. இந்த நாற்காலி இந்த வாசலுக்குள் போகாது. போக வைக்க இவ்வளவு செலவு, கணக்கு இதோ. எங்கள் ஆறாம் ஆண்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யார் என்று கேட்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை. அன்று இரவுக்குள் பதினேழு பேர் அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவன் 2,000 வெள்ளி அனுப்பிவிட்டு, "அந்த நாடா ஸ்கூல்ல நம்ம பாவாடைக்கு அளவெடுத்த டீச்சர் நாடா மாதிரியே இருக்கு" என்று அவன் தங்கை எழுதச் சொன்னதாக எழுதினான்.

பணம் என் கணக்கில் வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவள் பெயரிலேயே புதுக் கணக்கு ஒன்று தொடங்கினோம், இந்த வேலைக்கென்று மட்டும். பணம் வந்தால் அவள் கைப்பேசியில்தான் சத்தம் கேட்கும். ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பது மணிக்கு, அன்று வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, கையில் இவ்வளவு என்று அவளே குழுவில் எழுதுவாள். ரசீதையும் படம் எடுத்துப் போடுவாள். ஒரு கிலோ ஆணி வாங்கியதற்கும் ரசீது. யாருக்காக வசூல் நடக்கிறதோ அவளே கணக்கை வைத்திருந்ததால் கொடுத்தவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு சமமாக இருந்தது. வேறு யாராவது இப்படி ஒரு முயற்சியில் இறங்கினால் இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்பேன்.

காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர், வீடு வீடாகவோ சாலையிலோ டப்பா தூக்கிப் போகாதே என்று முதலிலேயே எச்சரித்தார். அதற்கு 1947ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, காவல் துறை உரிமம் வாங்க வேண்டும். நாங்கள் போகவில்லை. தெரிந்தவர்கள், படித்தவர்கள், கோவிலார், இவ்வளவுதான் வட்டம்.

எனக்குத் தெரிந்த வேலை சமையல். தைப்பூசம் முடிந்து இரண்டாவது ஞாயிறு பிரியாணி போட்டோம். ஒரு பொட்டலம் பத்து வெள்ளி என்று கூப்பன். இருநூறு போகும் என்று நினைத்தேன், 520 போனது. கோவில் அண்டாவைக் கேட்டு வாங்கி, பின்கட்டில் விறகு அடுப்பு மூட்டினோம். அரிசி 55 கிலோ. கோழி 65, ஒன்றை எட்டாக வெட்டி. முதல் நாள் இரவே என் சிற்றுண்டிச்சாலைப் பெண்கள் மூன்று பேர் வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்கள். தோழியும் வந்தாள். மண்டபத்துக்குப் பக்கவாட்டில் ஒரு படி மட்டும்தான், நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். விபத்துக்குப் பிறகு மருத்துவமனையைத் தவிர அவள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. மடியில் ஒரு தாம்பாளம் வைத்து, பொட்டலத்துக்குள் போடும் வெள்ளரிப் பச்சடியை நெகிழிப் பையில் கட்டிக்கொண்டே இருந்தாள். இரவு பன்னிரண்டுக்கு, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். இன்னும் எண்பது இருக்கு என்றாள்.

செலவு 1,870 போக 3,330 வெள்ளி நின்றது.

அந்த ஞாயிறு இன்னொன்றும் நடந்தது. எங்கள் பழைய லயத்துப் பாட்டி ஒருவர், தொண்ணூறை நெருங்குகிறார், பேரன் மோட்டாரில் வந்து இறங்கினார். பிரியாணி வேண்டாம், சர்க்கரை இருக்கு என்று சொல்லிவிட்டு, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து 50 வெள்ளியைத் தோழியின் கையில் வைத்தார். அது நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த லாப ஈவாம். ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று ஜனங்கள் வீடு வாசல் இல்லாமல் நின்ற காலத்தில், 1960இல், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று அவர் தொடங்கிய சங்கம் அது. பாட்டியும் அப்போது தன் பால்வெட்டுச் சம்பளத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தவர். "அன்னைக்கு நாங்க குடுத்தப்ப, தோட்டமா வாங்கப் போறீங்கன்னு சிரிச்சானுங்க," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. தோழி அந்த 50 வெள்ளி நோட்டை வங்கியில் போடவில்லை. தன் பணத்தில் 50 போட்டுவிட்டு அந்த நோட்டைத் தையல் மிஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறாள்.

மற்றபடி பழைய பேப்பர், அலுமினிய டப்பா, இரும்பு என்று பையன்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். கோவில் 1,000 கொடுத்தது. அவளும் தன் பங்குக்கு மிச்சத் துணியில் அறுபது பைகள் தைத்து, பதினைந்து வெள்ளி என்று விற்று 900 போட்டாள். மொத்தம் 14,868 வெள்ளி. இரும்புக் கடை முதலாளி, எங்கள் தவுக்கே, சிமெண்டை அடக்க விலைக்கே கொடுத்தார், பணத்தை மெதுவாகக் கொடுத்தால் போதும் என்றார்.

23,000 எப்படி 14,000 சொச்சத்துக்கு இறங்கியது என்றால், எங்கள் வகுப்பில் படித்த ஒருவன் கட்டட வேலையில் இருக்கிறான். கூலியாக அவனுடைய இரண்டு ஆட்களுக்கு மட்டும் வாங்கிக்கொண்டான். உடைக்கிற வேலை, மண் அள்ளுகிற வேலை எல்லாம் கோத்தோங் ரோயோங், ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்வது. இரண்டு ஞாயிறு, முப்பது பேருக்குக் குறையாமல்.

சரிவுப் பாதையை நேராகப் போட்டால் வேலியைத் தாண்டிக் கால்வாய் மேல் போய்விடும், அதற்கு நகராண்மைக் கழக அனுமதி வேண்டும். அதனால் சுவரோரமாக எட்டடி, அங்கே ஐந்தடிச் சதுரமாக ஒரு சமதளம், திரும்பி ஐந்தடி. எல்லாம் வேலிக்குள்ளேயே முடிந்தது. இரண்டு ஓரத்திலும் மூன்று அங்குல உயரத்துக்கு விளிம்பு கட்டினோம், சக்கரம் விலகாமல் இருக்க. சிமெண்ட் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுத்தான் நண்பன். மழையில் வழுக்காது.

குளியலறையில்தான் மூளைக்கு வேலை. தரை நாலு அங்குலம் பள்ளமாக இருந்தது, அதை நிரப்பி அடுப்படித் தரையோடு ஒன்றாக்கி, தண்ணீர் மட்டும் ஒரு மூலைக்கு ஓடும்படி லேசாகச் சாய்த்தார்கள். குந்து கழிவறையை எடுத்துவிட்டு உட்காரும் பீங்கான், நாற்காலி இருக்கையின் உயரத்துக்கே வரும்படி அடியில் மேடை கட்டி வைத்தது. கதவு ஓரமாகத் தள்ளும் கதவு. உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால், அவள் உள்ளே விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் யாரும் போக முடியாது என்று சிகிச்சை நிபுணர் சொல்லியிருந்தார். சுடுதண்ணீர்ப் பெட்டியின் சூட்டைக் குறைத்து வைத்து, திருகை அசையாதபடி ஒரு துண்டு நாடா ஒட்டினோம். காலில் கொதிநீர் பட்டாலும் அவளுக்குத் தெரியாது. முதலில் முழங்கையில் ஊற்றிப் பார்க்கப் பழகியிருக்கிறாள். தரைக்கு மிகச் சொரசொரப்பான கல்லைக் கடைக்காரர் காட்டினார். அதையும் வேண்டாம் என்றாள். நாற்காலியிலிருந்து மாறும்போது கால் தரையில் உரசும், தோல் கிழிந்தாலும் அவளுக்குத் தெரியாமல் புண்ணாகிவிடும். கடையில் ஒவ்வொரு கல்லையும் தன் புறங்கையால் தடவித் தடவித் தேர்ந்தெடுத்தாள், துணி வாங்கும்போது செய்கிற மாதிரி.

பிடிமானக் கம்பியில் ஒரு தப்பு நடந்தது. அதை மறைக்க மாட்டேன், ஏனென்றால் இதைப் படித்து யாராவது செய்யப் போகலாம். வழவழப்பான எஃகுக் கம்பி, நல்ல விலை. சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் ஆப்பு செருகி, திருகாணி முடுக்கினார்கள். பார்க்க அழகாக இருந்தது. சனிக்கிழமை மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. நான் 74 கிலோ. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, காலை மடக்கித் தொங்கினேன். இரண்டு நொடி தாங்கியது. அப்புறம் கம்பி, ஆப்பு, காரை எல்லாம் என்னோடு சேர்ந்து வந்தது. என் முழங்கால் தரையில் மோதியது. அந்தச் சுவர் உள்ளே பொள்ளலான செங்கல், திருகாணி பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. அவள் விழுந்திருந்தால் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்டு அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். 34 அங்குல வாசல், கதவு இன்னும் மாட்டவில்லை. உள்ளேயே வந்து என் முழங்காலைப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அந்தக் குளியலறைக்குள் நுழைந்தது அப்போதுதான் முதல் தடவை என்பது இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மறுநாள் நண்பன் வந்து சுவரை முழுக்கத் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து, நீள போல்ட் போட்டு நட்டு முடுக்கினான். பிறகு அவனும் தொங்கினான், அவன் ஆட்கள் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தொங்கினார்கள். நீங்கள் எங்கே கம்பி மாட்டினாலும் வீட்டிலேயே கனமான ஆளைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை வேலை முடிந்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன், நல்ல வெளிச்சம். பெரியம்மா அடுப்படியில் முக்காலி போட்டு, குளியலறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம்.

"எவ்வளவு நேரம் பெரியம்மா?"

"ஆறே காலுக்குப் போனா."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். வர்றேம்மா வர்றேம்மாங்கிறா." தேத்தண்ணி அவர் கையில் ஆறிப் போயிருந்தது. "மொத வாட்டி பாட்டுப் பாடுனா. இப்பத்தான் நிறுத்தினா."

பெரியம்மாவுக்கு அந்த ஒன்றேகால் மணி நேரம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எழுந்தார், அடுப்பைத் துடைத்தார், மறுபடி உட்கார்ந்தார். ஏழரைக்குக் கதவு தள்ளுகிற சத்தம் கேட்டது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நைட்டி தோளில் பாதி ஈரமாக, தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். முகத்தில் மஞ்சள் பூசியிருந்தாள். உள்ளங்கை எல்லாம் ஊறிச் சுருங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்து, "ஷாம்பு தீந்து போச்சு, வரும்போது வாங்கிட்டு வா," என்றாள்.

செலவு 14,320 போக மிச்சம் 548 வெள்ளி. யாரும் கேட்காமலே அன்று இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் எழுதினாள், இந்தப் பணத்தை நான் வைத்துக்கொள்ள மாட்டேன், அடுத்த வாசல் எது என்று சொல்லுங்கள் என்று. நான் அவளிடம், உன் நாற்காலிக்கு நல்ல மெத்தை வாங்கு, புண் வராமல் இருக்கும் என்று சண்டை போட்டேன். மெத்தைக்கு நான் தைத்துச் சம்பாதிப்பேன் என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மூன்றாவது சாலையில் ஒரு தாத்தா இருக்கிறார். பழைய தோட்டத்து லோரி ஓட்டுநர். சர்க்கரை வியாதியில் போன வருஷம் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவியும் வயதானவர். போன வாரம் நானும் தோழியும் போனோம். சரிவில் அவளாகவே இறங்கினாள், கையுறை போட்ட இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து, திருப்பத்தில் நின்று, மறுபடி. சாலையில் நான் பக்கத்தில் நடந்தேன், தள்ளவில்லை. தாத்தா வீட்டு வாசலில் மூன்று படி. அவளால் உள்ளே போக முடியவில்லை. கழுத்திலிருந்து தையல் நாடாவைக் கழற்றி என்னிடம் நீட்டி, வாசலிலிருந்தே, "முதல்ல படி அள, அப்புறம் கக்கூஸ் கதவு," என்றாள். நான் உள்ளே இருந்து சத்தமாகச் சொல்லச் சொல்ல, மடியில் நோட்டை வைத்து எழுதினாள். படி 19 அங்குலம். கதவு 23½. தாத்தா கட்டிலில் இருந்தபடி, "யாரும்மா வெளியில, உள்ள வரச் சொல்லு," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அடுத்த மாசம் வர்றேன் தாத்தா," என்று சாலையில் இருந்து அவள் குரல் கொடுத்தாள்.

19 அங்குலத்துக்கு 19 அடி வேண்டும். அவர் முற்றம் பதினொன்றுதான். இரண்டு திருப்பம் போட்டால் அடங்குமா என்று நோட்டில் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நண்பனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறோம்.